வீட்டுக் காற்றைச் சோதிக்க வருபவரின் சான்றிதழ்: அது எதற்கு உறுதி சொல்கிறது?

அமெரிக்காவில் பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிறீர்கள். நிலவறைச் சுவரோரம் பூஞ்சை பிடித்தது போல ஒரு கறுப்புத் திட்டு தெரிகிறது. கதவைத் திறந்ததும் நனைந்த கோணிச் சாக்கின் வாடை. காற்றைச் சோதித்துப் பார்க்க ஆள் கூப்பிடச் சொல்கிறார்கள். தேடினால் பத்துப் பேர் கிடைப்பார்கள், பத்துப் பேரின் அட்டையிலும் ‘சான்றிதழ் பெற்றவர்’ என்றே இருக்கும். இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்து வந்தவரும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார், எட்டு ஆண்டு களத்தில் உழைத்துத் தேர்வில் தேறியவரும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார். இருவரையும் பிரித்தறியாமல் பணம் கொடுத்தால் காசு மட்டும் போகாது. சுவருக்குள் ஈரம் அப்படியே இருக்க, ‘எல்லாம் சரி’ என்ற அறிக்கையோடு குழந்தைகளை அந்த வீட்டில் குடிவைக்க நேரும்.

முதலில் தாள்களைப் பிரித்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் மூன்று வகைத் தாள்கள் புழங்குகின்றன.

பயிற்சி முடித்ததற்கான தாள் ஒன்று. வகுப்பு நடத்தியவரே கடைசியில் ஒரு சிறு தேர்வு வைத்து, அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அதில் தவறில்லை, எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அது வகுப்புக்கு வந்தார் என்பதை மட்டுமே சொல்லும்.

இரண்டாவது உரிமம். அதை மாநில அரசு கொடுக்கிறது. டெக்சஸ், புளோரிடா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் பூஞ்சைப் பரிசோதனை செய்து கட்டணம் வாங்க உரிமம் கட்டாயம். பல மாநிலங்களில் அப்படி ஒரு சட்டமே கிடையாது, அங்கே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம்.

மூன்றாவதுதான் தொழில்முறைச் சான்றிதழ். வகுப்பு நடத்தாத, ஆள் அனுப்பாத, பூஞ்சை அகற்றாத ஒரு தனி அமைப்பு, விண்ணப்பித்தவரின் கள அனுபவத்தைச் சரிபார்த்து, தேர்வு வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பது. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், ஒழுக்க விதியை மீறினால் பறித்துவிடலாம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கக் கட்டடங்களை எரிபொருள் மிச்சத்துக்காக இறுக்கி அடைத்தார்கள். குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே தன் 1981ஆம் ஆண்டு நெறியில், புகை பிடிக்காத அலுவலகத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று வைத்தது. தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று புகார்கள் குவிந்தன. 1989இல் அதே சங்கம் குறைந்தபட்சத்தை 15 கன அடியாக உயர்த்தியது. இதற்கு நடுவே 1976இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே நிமோனியா பரவி 29 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் நீர், காற்று அமைப்புகள் வழியே பரவும் லெஜியோனெல்லா கிருமியை உலகம் அறிந்தது அப்போதுதான். 2001இல் டெக்சஸில், குழாய்க் கசிவால் பூஞ்சை பிடித்த ஒரு வீட்டின் வழக்கில் காப்பீட்டு நிறுவனம் 3.2 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தாலும் நாடு முழுக்கப் பூஞ்சை அச்சம் பரவிவிட்டது. அச்சம் பரவிய இடத்தில் அரைகுறை ஆட்களும் முளைத்தார்கள். 2003இல் டெக்சஸ் சட்டமன்றம் பூஞ்சைப் பரிசோதகர்களுக்கும் அகற்றுபவர்களுக்கும் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. நியூயார்க்கின் சட்டம் 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பூஞ்சைப் பரிசோதகர் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. காற்றில் இவ்வளவு பூஞ்சை வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்) இருக்கலாம் என்று எந்தக் கூட்டாட்சி வரம்பும் இல்லை. ‘முகமையின் அங்கீகாரம் பெற்ற பூஞ்சைப் பரிசோதகர்’ என்று ஒருவர் அட்டையில் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

தேர்வு வைக்கும் அமைப்புகள்

இத்துறையில் அதிகம் கேட்கப்படும் பெயர் ஏ.சி.ஏ.சி., அதாவது அமெரிக்கன் கவுன்சில் ஃபார் அக்ரெடிட்டட் சர்டிஃபிகேஷன். அரிசோனாவில் தொடங்கிய இந்த அமைப்பு பல படிகளில் சான்றிதழ் தருகிறது. நுண்ணுயிர் வளர்ச்சியைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு சி.எம்.ஐ. என்ற சான்று, அதற்கு இரண்டு ஆண்டு கள அனுபவம் காட்ட வேண்டும். அகற்றும் திட்டத்தை எழுதித் தரும் ஆலோசகருக்கு சி.எம்.சி. பூஞ்சையோடு நிற்காமல் காற்றோட்டம், வேதிப்பொருள், தூசு என்று கட்டடத்தின் மொத்தச் சூழலையும் பார்ப்பவருக்கு சி.ஐ.இ.சி. பின்னிரண்டுக்கும் எட்டு ஆண்டு அனுபவம் தேவை. தேர்வில் தேறினால் மட்டும் போதாது. விண்ணப்பத்தையும் அனுபவச் சான்றுகளையும் துறைசார்ந்தவர்களின் வாரியம் ஒன்று பார்த்து, வாக்களித்துத்தான் சான்றிதழ் கிடைக்கும்.

இன்னொரு பெரிய தகுதி சி.ஐ.எச். எனப்படும் தொழிற்சுகாதார வல்லுநர் சான்று. 1960இல் தொடங்கிய வாரியம் தருவது. அறிவியல் பட்டம், நான்கு ஆண்டு தொழில் அனுபவம், 180 கேள்விகள் கொண்ட தேர்வு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவர்கள் வீட்டுக் காற்றை மட்டும் படித்தவர்கள் அல்லர். தொழிற்சாலைப் புகை, இரைச்சல், கதிர்வீச்சு எல்லாம் அவர்கள் பாடத்தில் உண்டு. அதனால் ஒரு சி.ஐ.எச். கட்டாயம் நல்ல பூஞ்சைப் பரிசோதகராக இருப்பார் என்று சொல்ல முடியாது. மரச்சட்ட வீடு எப்படிக் கட்டப்படுகிறது, மழைநீர் சன்னல் ஓரம் எப்படி இறங்குகிறது என்று தெரியாத வல்லுநரைவிட, அதைக் கரைத்துக் குடித்த சி.எம்.ஐ. ஒருவர் அந்த வேலைக்குப் பொருத்தமானவர்.

சான்றளிக்கும் அமைப்பையே யார் சோதிப்பது? அதற்கும் நெறி உண்டு. ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் பன்னாட்டு நெறி ஐ.எஸ்.ஓ. 17024. கேள்விகள் வேலையில் உண்மையில் தேவைப்படும் திறனிலிருந்து பிறக்க வேண்டும், பயிற்சி விற்பவரின் கை தேர்வுக்குள் நீளக் கூடாது என்பவை அதன் அடிப்படை. ஏ.சி.ஏ.சி.யின் சான்றிதழ்களை சி.இ.எஸ்.பி. என்ற பொறியியல், அறிவியல் சிறப்பு வாரியங்களின் பேரவை ஆராய்ந்து அங்கீகரித்திருக்கிறது. இப்படி மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் சான்றிதழா, கேட்பாரற்று அச்சடிக்கப்பட்டதா என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்.

இந்தத் துறையில் நம்பிக்கை முழுக்கப் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. சொல்லிக் கொடுப்பவர் வேறு, தேர்வு வைப்பவர் வேறு. மாதிரி எடுப்பவர் வேறு, எண்ணிப் பார்க்கும் ஆய்வகம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயைக் கண்டுபிடிப்பவர் வேறு, மருந்து விற்பவர் வேறு. டெக்சஸிலும் நியூயார்க்கிலும் ஒரே வேலையில் பரிசோதனையையும் அகற்றலையும் ஒருவரே செய்யச் சட்டம் விடாது. புளோரிடாவில் தான் பரிசோதித்த கட்டடத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு அகற்றும் வேலையை எடுக்கக் கூடாது. காரணம் எளிது. இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்று வருபவர், அகற்றும் வேலையில் ஆயிரக்கணக்கில் எடுக்க முடிந்தால், எந்தச் சுவரில் பூஞ்சை இல்லை என்று சொல்வார்?

தேர்வு எதைச் சோதிக்கிறது?

கருவியைப் பிடிக்கத் தெரிகிறதா என்பதை அல்ல. கருவி காட்டுவதை நம்பலாமா என்று தெரிகிறதா என்பதை. ஒரு கணக்கைப் பாருங்கள். அறை வெப்பம் 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம். குளிர்காற்று வரும் கிரில்லைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். கிரில்லின் உலோகம் 14 டிகிரி. என்ன நடக்கிறது?

அந்தக் காற்றின் பனிப்புள்ளி சுமார் 16.7 டிகிரி. அந்த வெப்பத்துக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் காற்றிலுள்ள ஈரம் நீராக இறங்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான். 14 டிகிரி உலோகம் நாள் முழுக்க வியர்க்கிறது. அதில் படிந்த தூசு பூஞ்சைக்கு உணவு. பயிற்சித் தாள் மட்டும் உள்ளவர் பிளீச்சிங் திரவம் தெளித்துத் துடைக்கச் சொல்வார், மூன்று வாரத்தில் திரும்ப வரும். சான்றிதழுக்குப் படித்தவர் அடுத்த கேள்விக்குப் போவார்: ஈரப்பதம் ஏன் 60க்கு வந்தது? பெரும்பாலும், அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏ.சி. மாட்டியிருப்பார்கள். அது சில நிமிடங்களில் அறையைக் குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அல்லது குளிர்காற்றைக் கொண்டுவரும் குழாயான டக்ட்டின் மேல் சுற்றிய காப்புறை கிழிந்திருக்கும். அல்லது குளியலறையின் ஈரக்காற்று வெளியே போகாமல் பரணுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

பூஞ்சைப் பரிசோதனை என்பது ஈரத்தைத் தேடும் வேலை. நீர் பட்ட பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்று சுற்றுச்சூழல் முகமையின் வழிகாட்டி சொல்கிறது. அதைத் தாண்டிய ஈரம் எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் பரிசோதகரின் திறமை தெரியும்.

ஈரமானியில் இரண்டு வகை. ஊசி உள்ளது இரண்டு முனைகளுக்கிடையே மின்தடையை அளக்கிறது. அதன் சதவீத அளவுகோல் மரத்துக்காக அமைக்கப்பட்டது. மரத்தில் 20க்கு மேல் காட்டினால் பூஞ்சை வளரப் போதிய ஈரம், 16ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதே ஊசியை ஜிப்சம் போர்டில் குத்திவிட்டு ‘18 சதவீத ஈரம்’ என்று அறிக்கையில் எழுதினால் அது தவறு. ஜிப்சம் போர்டில் அந்த எண்ணுக்குத் தனிப்பொருள் இல்லை. அதே வீட்டின் நன்றாக உலர்ந்த சுவரில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, ஒப்பிட்டு மட்டுமே சொல்லலாம். ஊசியில்லாத வகை, சுவரைக் கீறாமல் மின்புலத்தால் உணர்கிறது. சுவர் மூலையில் உலோகப் பட்டை இருந்தாலும், உள்ளே உலோகச் சட்டம் இருந்தாலும், ஓட்டுக்குப் பின்னால் அலுமினியத் தாள் இருந்தாலும் அது ‘ஈரம்’ என்றே கூவும். வெப்பப் படக் கருவியிலும் இதே கதை. அது வெப்பத்தைத்தான் காட்டும், ஈரத்தை அல்ல. காப்புப் பஞ்சு விட்டுப்போன இடமும் ஈரச்சுவர் போலவே நீலமாகத் தெரியும். நீலத்தைக் கண்ட இடத்தில் ஈரமானியை வைத்து உறுதி செய்யாத அறிக்கையை ஏற்க வேண்டாம்.

ஒரு வித்தும் 53 என்ற எண்ணும்

வாடிக்கையாளர்கள் அதிகம் ஏமாறுவதும் அதிகம் பயப்படுவதும் காற்று மாதிரியின் எண்களைப் பார்த்துத்தான். அதனால் இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இரு பக்கமும் மூடியிருக்கும், உள்ளே பசை தடவிய சிறு கண்ணாடித் துண்டு. ஏர்-ஓ-செல் என்பது இதில் பரவலாகப் புழங்கும் வகை. பம்பில் பொருத்தி நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஐந்து நிமிடம் காற்றை இழுத்தால் 75 லிட்டர் அதன் வழியே போகும். குறுகிய பிளவின் வழியே வேகமாக வரும் வித்துகள் திரும்ப முடியாமல் பசையில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார்கள். கிடைத்த எண்ணை ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1000 லிட்டருக்கு மாற்றுவார்கள்.

கணக்கைப் போடுங்கள். 75 லிட்டரில் ஒரே ஒரு வித்து கிடைத்தால், 1000ஐ 75ஆல் வகுக்க, கன மீட்டருக்கு 13. ஆய்வகம் கண்ணாடியின் படிவில் கால் பங்கை மட்டும் எண்ணியிருந்தால் அந்த ஒரு வித்து 53 ஆகிவிடும். அறிக்கையில் ‘படுக்கையறை: 53, வெளியே: 0’ என்று பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. அந்த 53க்குப் பின்னால் இருப்பது ஒற்றை வித்து. ஆய்வக அறிக்கையில் எண்ணப்பட்ட வித்துகளின் நேரடி எண்ணிக்கை தனி வரிசையாக இருக்கும். நல்ல பரிசோதகர் முதலில் கண்ணை ஓட்டுவது அங்கேதான்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். எடுத்துக்காட்டாக, வெளியே மொத்தம் 4,000, வீட்டுக்குள் 1,500 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே குறைவுதானே என்று விட்டுவிடலாமா? வெளியே இருந்தவை முக்கால்வாசி கிளாடோஸ்போரியம், இலை தழையில் எங்கும் வளர்வது. உள்ளே இருந்த 1,500இல் 1,200 ஆஸ்பெர்ஜில்லஸ் – பெனிசிலியம் வகை, வெளியே அது 150தான். மொத்தம் குறைந்திருந்தும் உள்ளே ஏதோ ஓரிடத்தில் வளர்ச்சி இருக்கிறது என்று சந்தேகிக்க இதுவே போதும். (இவ்விரண்டின் வித்துகளும் நுண்ணோக்கியில் ஒன்றுபோல உருண்டையாகத் தெரிவதால் ஆய்வகங்கள் சேர்த்தே எண்ணுகின்றன.) ‘கருப்புப் பூஞ்சை’ என்று ஊரெல்லாம் பயப்படும் ஸ்டாக்கிபோட்ரிஸின் வித்துகளோ ஈரமாக, பசை போலத் திரண்டு கிடப்பவை, எளிதில் காற்றில் ஏறாது. காற்று மாதிரியில் அது இல்லை என்பதால் சுவருக்குப் பின்னால் இல்லை என்று ஆகிவிடாது.

மாதிரி எடுக்கும்போதே கெட்டுப்போகும் வழிகளும் பல. பெட்டியைப் பொருத்தாமல் வெறும் பம்பின் ஓட்டத்தை அளந்தால், பெட்டியின் தடையில் உண்மையான ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்யும்போது வெளி மாதிரி எடுத்தால் ஒப்பிட ஆதாரமே இல்லாமல் போகும், மழை சில வித்துகளைக் கழுவிவிடும், வேறு சிலவற்றைக் கிளப்பிவிடும். சன்னல் எல்லாம் திறந்திருந்தால் உள்காற்றும் வெளிக்காற்றே. வேலை நடந்து தூசு பறக்கும் அறையில் ஐந்து நிமிடம் இழுத்தால் கண்ணாடி முழுக்கத் தூசு மூடி, அடியில் உள்ள வித்துகளை எண்ண முடியாது, நேரத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். எந்த அறை, எத்தனை மணி, எத்தனை லிட்டர், யார் யாரிடம் கொடுத்தார் என்ற கைமாற்றுப் பதிவுத் தாள் இல்லாமல் அனுப்பிய மாதிரி நீதிமன்றத்தில் நிற்காது. இத்தனையும் தேர்வில் வரும்.

சரி, கண்ணுக்கே பூஞ்சை தெரிகிறது, அப்போதும் மாதிரி வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பதே சுற்றுச்சூழல் முகமையின் நிலை. எந்த இனமானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: ஈரத்தை நிறுத்து, வளர்ந்ததை அகற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் பார்க்காமல் பம்பை எடுத்து மாட்டுபவர் எண்களை விற்க வந்திருக்கிறார் என்றே கொள்ளலாம்.

பூஞ்சைக்கு அப்பால்

சி.ஐ.இ.சி. போன்ற சான்றுக்குப் போகிறவர் வாயுக்களையும் படிக்க வேண்டும். கார்பன் டைஆக்சைடு அளவு காற்றோட்டத்தைக் காட்டும் கண்ணாடி போன்றது. வெளிக்காற்றில் இன்று 420 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) மேல் இருக்கிறது. ஒருவருக்கு நிமிடத்துக்கு 15 கன அடி வெளிக்காற்று வந்தால், அறையில் வெளியைவிடச் சுமார் 700 கூடுதலாக நிலைகொள்ளும். ஆட்கள் வருவதற்கு முன் காலை எட்டு மணிக்கு வெற்று அலுவலகத்தில் அளந்து ‘நன்று’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. அறை நிறைந்து சில மணி நேரம் ஆன பிறகு, கருவியை மூச்சுக் காற்று படாமல் தள்ளி வைத்து அளக்க வேண்டும்.

வி.ஓ.சி., அதாவது எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களை அளக்கும் கையடக்கக் கருவிகளில் ஒரு பொறி இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கால் மூலக்கூறுகளை அயனியாக்கி எண்ணுகின்றன. பார்ட்டிகிள் போர்டு, புதுத் தளபாடங்களிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடை அயனியாக்க 10.88 வேண்டும். அதாவது, புது அலமாரி வாங்கிய வீட்டில் கண் எரிகிறது என்று கூப்பிட்டால், இந்தக் கருவி ஃபார்மால்டிஹைடு எதையும் காட்டாமல் சும்மா இருக்கும். அதற்குத் தனி வேதிக் குழாயில் காற்றை இழுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பூஜ்யம் காட்டியது என்று திரும்பிப் போகிறவர் தன் கருவியின் எல்லையைப் படிக்காதவர்.

மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானும், ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும் தனி உலகங்கள். ரேடானுக்கு என்.ஆர்.பி.பி. போன்ற அமைப்புகளின் தனிச் சான்று உண்டு. வீட்டைக் குறைந்தது 12 மணி நேரம் அடைத்து வைத்து, அதே நிலையில் 48 மணி நேரமாவது அளக்க வேண்டும். லிட்டருக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வந்தால் சரிசெய்ய வேண்டும் என்பது அமெரிக்க அளவு. கல்நார் பரிசோதகருக்குக் கூட்டாட்சி விதிப்படி மூன்று நாள் பயிற்சியும் ஆண்டுக்கொரு முறை அரைநாள் புத்தாக்கமும் கட்டாயம். பூஞ்சையைத் தேடிப் பழைய வீட்டின் சுவரை அறுக்கும்போது கல்நார் தூள் பறக்க வாய்ப்புண்டு. தன் சான்றிதழ் எங்கே முடிகிறது என்று தெரிந்து, ‘இதை நான் தொட மாட்டேன், அதற்குரியவரைக் கூப்பிடுங்கள்’ என்பவரை மதியுங்கள்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்?

பரிசோதகர் விட்டுச் செல்வது எண்கள் நிறைந்த தாளாக இருந்தால் அது பாதி வேலை. ஈரம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சுவரில் எத்தனை சதுர அடி அகற்ற வேண்டும், அந்த இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் எப்படி அடைக்க வேண்டும், உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிட எவ்வளவு குறைவாக வைக்க வேண்டும் (வழக்கமாக 5 பாஸ்கல்), காற்றை எந்த ஃபில்டர் வழியே விட வேண்டும், வேலை முடிந்தது என்று எதை வைத்து ஒப்புக்கொள்வது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். இந்தத் துறை பொதுவாகப் பின்பற்றும் எஸ்520 நெறி கட்டடத்தின் நிலையை மூன்றாகப் பிரிக்கிறது: இயல்பு நிலை, வேறிடத்திலிருந்து வந்து படிந்த வித்துகள் உள்ள நிலை, உண்மையில் வளர்ச்சி உள்ள நிலை. மூன்றாவதை வெட்டி எடுக்க வேண்டும், இரண்டாவதைச் சுத்தம் செய்தால் போதும். இந்த வேறுபாடு தெரியாமல் முழு வீட்டையும் இடிக்கச் சொன்ன அறிக்கைகளும் உண்டு, துடைத்தால் போதும் என்று வளர்ச்சியை விட்டுவைத்தவையும் உண்டு.

டெக்சஸில் பூஞ்சை தொடர்ச்சியாக 25 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் அகற்ற உரிமம் தேவையில்லை, நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் அந்த எல்லை 10. டெக்சஸிலும் நியூயார்க்கிலும் பெரிய வேலையென்றால் பரிசோதகர் எழுதிய திட்டப்படி வேறொருவர் அகற்றி, பிறகு பரிசோதகர் திரும்ப வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

மலேசியாவில் வேறு வழி

மலேசியத் தமிழர்கள் பலர் அலுவலகக் கட்டடப் பராமரிப்பில் இருப்பதால் அந்த நாட்டு ஏற்பாட்டையும் சொல்லிவிடலாம். அங்கே இதைத் தனியார் வாரியத்திடம் விடவில்லை. தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உள்ளரங்கக் காற்றுத் தர நடைமுறைக் கோவையின்படி, அந்தத் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்தான் சோதிக்க வேண்டும். ஏ.சி. ஓடும் தொழிற்சாலை அல்லாத பணியிடங்களுக்கு அது பொருந்தும். வரம்புகளும் எழுதிவைத்திருக்கிறார்கள்: கார்பன் டைஆக்சைடு 1,000 பி.பி.எம்., கார்பன் மோனாக்சைடு 10, ஃபார்மால்டிஹைடு 0.1, வளர்ப்புத் தட்டில் எண்ணும் பூஞ்சை கன மீட்டருக்கு 1,000, பாக்டீரியா 500. வெப்பம் 23 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 70. பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள் என்றால் 500 சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அளக்க வேண்டும். அமெரிக்காவில் பரிசோதகரின் தீர்ப்பு அதிகம் பேசும், மலேசியாவில் வரம்பு பேசும். வெப்பமண்டல ஈரத்தில் 70க்குள் ஈரப்பதத்தை வைத்திருப்பதே அங்குள்ள பொறியாளர்களுக்குப் பெரும்பாடு.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்

முதல் நாளே பெரிய சான்றிதழை நினைக்க வேண்டாம். மாநில உரிமம் தேவையா என்று பார்த்து, தேவையென்றால் அதற்குரிய பயிற்சியை முடித்து, அனுபவமுள்ள ஒருவரின் கீழ் மாதிரி எடுக்கப் போங்கள். போகும் ஒவ்வொரு வேலையையும் தேதி, இடத்தின் வகை, நீங்கள் செய்தது என்ன என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தை எழுத்தில் நிறுவ முடியாமல் விண்ணப்பம் திரும்பி வருவது வருத்தமான விஷயம். கருவிகளில் முதலில் ஈரமானியும் ஈரப்பத, வெப்பமானியும் வாங்குங்கள், பம்பு பிறகு வரட்டும். கட்டடம் எப்படிக் கட்டப்படுகிறது என்று கட்டுகிற இடத்துக்கே போய்ப் பாருங்கள். சான்றிதழ் கிடைத்த பிறகும் படிப்பு நிற்காது. ஏ.சி.ஏ.சி. சான்றைத் தக்கவைக்க ஆண்டுக்கு 20 மணி நேரம் தொடர்கல்வி காட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கூப்பிடுகிறவர், சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கி, சான்றளித்த அமைப்பின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாநில உரிம எண்ணுக்கும் இதே வழி. சான்றிதழ் நிறுவனத்துக்குரியது அல்ல, ஆளுக்குரியது. முதலாளியின் பெயரில் சான்றிதழைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வேறொருவரை அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. கதவைத் தட்டுபவரின் பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.